மாற்றிடத்து வலி

மேட்டுப்பாளையத்தில் ஏறியதும் கண்டக்டர்
என் பையைக் காலால் நகர்த்திப் பார்த்து
“பிளம்பிங்காம்மா?” என்றார்.
கிட்டத்தட்ட, என்றேன்.
கோத்தகிரிக்கு ஒரு டிக்கெட்.

டாக்டர் போஜனுக்குக் கிளினிக் கீழே, வீடு மேலே.
பியானோ வீட்டோடு வந்ததாம்;
விற்றவர்களுக்கு அதைப் படியிறக்க ஆள் கிடைக்கவில்லை.
அறுபது வயதில், போனைப் பார்த்து,
வலது கையால் மட்டும் வாசிக்கிறார்.
“ஒரே ஒரு கட்டைதான் மேடம்.
பாட்டில்ல மாட்டின வண்டு மாதிரி.
மத்த எண்பத்தேழும் நல்ல பிள்ளைங்க.”

எண்பத்தேழும் நல்ல பிள்ளைகள் இல்லை.
மேகம் குடித்து ஊதிப்போன கம்பளிகள்,
அமுக்கினால் எழுந்திருக்க யோசிக்கும் கட்டைகள்.
ஆனாலும்
கேட்டதற்குத்தான் முதலில் பதில்.

நடுவுக்குக் கீழே, ஈ ஃபிளாட்.
சுரம் சுத்தமாகத்தான் புறப்படுகிறது.
அரை நொடி கழித்துப் பின்னாலேயே
செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிறது ஓர் உறுமல்.

மூன்று கம்பி.
ஒன்றை விட்டு மற்ற இரண்டின் வாயையும்
ஃபெல்ட் ஆப்பு வைத்து அடைத்தேன்.
முதல் கம்பி உறுமியது.
இரண்டாவதும்.
மூன்றாவதும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னது.
மூன்று பேரும் ஒரே சாட்சி சொன்னால்
குற்றவாளி மூவரில் இல்லை.

மூடியின் கீலை விரலால் அழுத்திப் பிடித்தேன்.
மெழுகுவத்தித் தாங்கிகளைக் கழற்றி மடியில் வைத்தேன்.
சுவரிலிருந்து இழுத்து
முதுகுப் பலகையை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
அகப்பட்டது ஒரு விரிசல், ஒரு சாண் நீளம்.
பஸ் டிக்கெட்டை அதில் செருகி மறுபடி தட்டினேன்.
பழைய விரிசல். வந்து போனவர்கள் எல்லாரும்
அதன்மேல்தான் பழி போட்டிருப்பார்கள்.
அது பாவம், வாயே திறக்கவில்லை.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்த டாக்டர்
“நாங்களும் இப்படித்தான் தட்டுவோம்” என்றார்.
“கண்ணாடிக் காம்பால.
ஆள் மேல்பல்லைக் காட்டுவார், அழுகினது கீழே இருக்கும்.
காட்டின பல்லைப் பிடுங்கிட்டு
ஒருதரம் நான் பட்டது போதும்.”

அந்தக் கட்டையை மட்டும் அடிங்க, என்றேன். நிறுத்தாம.
பூட்டிய வீட்டில் காலிங்பெல் அடிப்பவரைப்போல
ஒற்றை விரலால் அடித்தார்.
நான் பியானோவை விட்டு விலகி நடந்தேன்.
சோபா. டிவி.
ஜன்னல், வெளியே தேயிலை மொத்தத்தையும்
யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார்கள்.
எதிர்ச்சுவர்.
அங்கேதான் கன்னத்தில் பட்டது உறுமல்.

கண்ணாடி அலமாரி.
உள்ளே பிளாஸ்டர் தாடைகள், முப்பது வருட வாய்கள்,
அடியில் பென்சிலால் பேரும் தேதியும்.
எல்லாம் சும்மா இருக்க
ஒவ்வொரு ஈ ஃபிளாட்டுக்கும் ஒரே ஒரு ஜோடி
குளிரில் நிற்பதுபோல் பல்லைக் கிடுகிடுத்தது.

எடுத்துத் திருப்பினேன்.
பிலோமினாள், கட்டபெட்டு, 2003.
மேல்வரிசையில் ஒரு பல்லின் இடம் காலி.
“பிரிட்ஜ் செஞ்சு வெச்சேன்” என்றார்,
விரலைக் கட்டையிலிருந்து எடுக்காமல்.
“காசு வேணாம்னும் சொல்லியனுப்பினேன். வரலை.”

வேறெங்காவது வைக்கட்டுமா?
“வேணாம். அங்கேயே இருக்கட்டும்.”

விரிசலிலிருந்து டிக்கெட்டை உருவி
நாலாய் மடித்து இரண்டு தாடைக்கும் நடுவே வைத்தேன்.
கடித்துக்கொண்டது.

ஈ ஃபிளாட்.
கழுவி வைத்த டம்ளர்போல் நின்றது.
அப்படி நின்றபோதுதான் கேட்டது,
கட்டை மேலே வரும்போது எங்கோ உள்ளே
நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சொடுக்கு.
இத்தனை நாளும் உறுமலுக்குப் பின்னால் நின்றிருக்கிறது.
அவரும் கேட்டார். இன்னொருதரம் அடித்தார்.
மணி ஐந்தே கால், என் வண்டி ஐந்தரைக்கு.
பையின் ஜிப்பை இழுத்தபடி
அடுத்த தரம் பார்க்கலாம், என்றேன்.
அவர் தலையாட்டிய விதத்தில்
அந்த வாக்கியத்தை அவரே ஆயிரம் தடவை
சொல்லியிருப்பது தெரிந்தது.

இறங்கும் பஸ்ஸில் ஜன்னல் கிடுகிடுத்தது.
புது டிக்கெட்டை மடித்துச் சட்டத்தில் செருகினேன்.
சத்தம் நிற்கவில்லை;
எழுந்து மூன்று சீட் முன்னால் போய்
உட்கார்ந்துகொண்டது.